நாற்பதில் சிலம்பமா? உடம்புக்கும் முறைப்பாசனம் வேண்டும்!

"டாக்டர்... இந்த முட்டி இனிமே சரியாகுமா?"

நொண்டியபடியே உள்ளே வந்தார் அந்த நண்பர். வயது 44. தஞ்சாவூரில் அலுவலக வேலை. இரண்டு வருஷமாக சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அவருடைய அப்பா 52 வயதில் மாரடைப்பில் போனவர். 'அப்பா வயசுக்கு இன்னும் எட்டு வருஷந்தானே பாக்கி' என்கிற நினைப்பு அவருடைய ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

மகனைச் சிலம்பம் கற்கக் கொண்டுபோய் விடுவார். அவன் கம்பு சுற்றுவதை மர நிழலில் உட்கார்ந்து பார்த்தவருக்கு ஒருநாள் ஆசை வந்துவிட்டது. ஆசானிடம் கேட்டு அவரும் சேர்ந்தார். அதோடு விட்டாரா? காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். வீட்டுக்கு வந்து 100 பஸ்கி, 50 தண்டால். சாயங்காலம் கம்பு. பத்தாம் நாள் வலது முட்டி வீங்கிவிட்டது.

"இந்த வயசுல இதெல்லாம் தேவையான்னு வீட்ல கேக்கறாங்க. விட்டுடட்டுமா டாக்டர்?"

"விடவே கூடாது. ஆனா நீங்க பண்ணினது சிலம்பம் இல்லை. ஒரே மாசத்துல மூணு போகம் சாகுபடி!" என்றேன். வலியிலும் சிரித்துவிட்டார்.

இவர் ஒருவர் மட்டுமல்ல. 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. பிள்ளைகளைச் சேர்க்க வருகிற பெற்றோர் சிலர் தாங்களும் கம்பைக் கையில் எடுக்கிறார்கள். கராத்தே, கிக் பாக்ஸிங் வகுப்புக்குப் போகிற நடுவயதுக்காரர்களும் உண்டு. எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: முதலில் உடம்பில் பலம் ஏற்றணுமா, ஓடி ஓடி 'தம்' பிடிக்கணுமா? (சிகரெட் தம்மைச் சொல்லவில்லை! இருதயமும் நுரையீரலும் களைக்காமல் வேலை செய்கிற திறனைச் சொல்கிறேன்.)

இரண்டும் வேண்டும். ஆனால் முறை வைத்து வேண்டும். அது எப்படி என்று பார்ப்போம்.

இரண்டும் எதற்கு?

கம்பு சுற்றுவதைக் கையின் வேலை என்று நினைக்கிறோம். நிஜத்தில் அது காலின் வேலை. முட்டியை மடித்துத் தாழ்ந்து நிற்கணும். இடுப்பைத் திருப்பணும். அடி வாங்காமல் சட்டென்று விலகணும். தொடையிலும் இடுப்பிலும் பலம் இல்லாவிட்டால் அந்தப் பாரம் முழுவதும் முட்டி மூட்டில் இறங்கும். நண்பருக்கு நடந்தது அதுதான்.

பலம் மட்டும் இருந்து தம் இல்லாவிட்டாலோ, இரண்டு நிமிஷம் சுற்றியதும் மூச்சு இரைக்கும். களைப்பில் காலடி தவறும். அந்த நேரத்தில்தான் சுளுக்கும், கம்படியும் விழுகின்றன. கிக் பாக்ஸிங்கிலும் இதே கதைதான். அங்கே கம்புக்குப் பதில் காலைத் தூக்கி உதைக்கிறார்கள், அவ்வளவே.

நம் டெல்டாவில் முந்தைய தலைமுறைக்கு இந்தக் கேள்வியே வரவில்லை. நாற்றுக் கட்டைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்தார்கள். கதிர்க்கட்டைத் தலையில் சுமந்து களத்துக்கு வந்தார்கள். ஒரே வேலையில் பலமும் வந்தது, தம்மும் வந்தது. இன்று நடவுக்கு மெஷின், அறுப்புக்கு மெஷின், வயலுக்குப் போக மோட்டார் சைக்கிள். வேலை போய்விட்டது. மூன்று வேளை அரிசி மட்டும் போகவில்லை! இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இரண்டையும் சேர்த்தே கேட்கிறது. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிஷம் மிதமான ஓட்டமோ நடையோ. அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைகளுக்குப் பலப்பயிற்சி. நம்மில் பலர் நடைப்பயிற்சியோடு நிறுத்திக்கொள்கிறோம். பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம்.

கல்லணை சொல்லும் பாடம்

'சரி, இரண்டையும் தினமும் செய்தால் சீக்கிரம் பலன் வருமே?' என்பீர்கள்.

1980-ல் அமெரிக்காவில் ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர் இதையே சோதித்தார். ஒரு குழுவுக்கு வாரம் 5 நாள் பலப்பயிற்சி. இன்னொரு குழுவுக்கு வாரம் 6 நாள் கடுமையான ஓட்டமும் சைக்கிளும். மூன்றாவது குழுவுக்கு இரண்டும். மொத்தம் பத்து வாரம். மூன்றாவது குழுவின் தம் குறையில்லாமல் ஏறியது. பலமும் முதல் ஏழு வாரம் போல நன்றாகத்தான் ஏறியது. பிறகு நின்றது. கடைசி வாரங்களில் இறங்கவே ஆரம்பித்துவிட்டது.

காரணம் தஞ்சை ஜில்லாக்காரர்களுக்கு எளிதில் புரியும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று தண்ணீர் பிரிகிறது. மேட்டூரில் தண்ணீர் குறைந்த வருஷம் என்ன செய்கிறார்கள்? முறை வைக்கிறார்கள். இந்த ஆற்றுக்கு இத்தனை நாள், அந்த ஆற்றுக்கு இத்தனை நாள். எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சம் விட்டால் கடைமடைக்கு எதுவுமே போய்ச் சேராது.

உடம்பு தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ள வைத்திருக்கிற சக்தியும் அப்படித்தான். இருபது வயதில் அணை நிரம்பி வழிகிறது. நாற்பதுக்கு மேல், அலுவலகக் கவலையும் அரைத் தூக்கமுமாக இருக்கிறவருக்கு நீர்மட்டம் குறைவு. முறைப்பாசனம்தான் வழி.

ஆனால் பயப்பட வேண்டாம். ஹிக்சன் கொடுத்த அளவு மிகவும் அதிகம். புதிதாகத் தொடங்குகிறவர் அளவோடு செய்தால் பலமும் தம்மும் சேர்ந்தே வளரும்.

சித்த மருத்துவம் என்ன சொல்கிறது?

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் நாங்கள் முதலில் மனப்பாடம் செய்தவற்றில் ஒன்று, பதினான்கு வேகங்கள். உடம்பில் தானாக எழுகிற, அடக்கக் கூடாத உந்துதல்கள் அவை. தும்மல், பசி, நீர்வேட்கை, நித்திரை என்று போகிற அந்த வரிசையில் இளைப்பும் உண்டு, சுவாசமும் உண்டு. களைத்தால் நிற்கணும். தாகம் எடுத்தால் குடிக்கணும். பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு பயிற்சி செய்வது வீரமல்ல. பாரம் தூக்கும்போது மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும் என்பதை நவீன மருத்துவமும் சொல்கிறது. தண்டாலில் உடம்பை மேலே தள்ளும்போது மூச்சை வெளியே விடுங்கள். கீழே இறங்கும்போது உள்ளே வாங்குங்கள்.

உடற்கட்டுகள் ஏழு என்பதும் எங்கள் பாடம். சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக ஊட்டம் போகிறது என்பார்கள். உடம்பின் எல்லாப் பாகமும் ஒரே வேகத்தில் தேறுவதில்லை என்பதைப் பயிற்சியிலும் பார்க்கலாம். முதல் ஒன்றரை மாதத்தில் கிடைக்கிற பலம் பெரும்பாலும் நரம்புகள் பழகுவதால் வருவது. தசை பிறகு வளரும். தசைநாண்கள் உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். 'உடம்பு நல்லா கேக்குதே' என்று மூன்றாவது வாரத்தில் அளவை இரட்டிப்பாக்குகிறவர்தான் ஆறாவது வாரத்தில் என்னிடம் வருகிறார்.

நானும் அதில் தப்பவில்லை. 48 வயதில் கர்லாக்கட்டை சுற்ற ஆசை வந்தது. எடுத்த எடுப்பிலேயே கனமான கட்டையை எடுத்துத் தினமும் சுற்றினேன். மூன்று மாதம் வலது கையைத் தூக்கிச் சட்டை மாட்ட முடியவில்லை. ஊருக்கு உபதேசம் சொல்கிற வைத்தியருக்கு வீட்டம்மாதான் பித்தான் போட்டுவிட்டார்!

தொடங்கும் முன்

* 40 வயதைக் கடந்தவர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை, அழுத்தம், புகைப்பழக்கம், குடும்பத்தில் மாரடைப்பு... இவற்றில் ஏதாவது இருந்தால் இருதய மருத்துவரிடம் காட்டி அனுமதி வாங்கிய பிறகே கம்பைத் தொடுங்கள்.
* சிலம்பம் வெறுங்காலில் ஆடுவது. சர்க்கரைக்காரருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தினாலும் தெரியாது. ஆசானிடம் சொல்லிப் பொருத்தமான காலணி போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைப் பாருங்கள்.
* சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர்கள் கண் மருத்துவர் சம்மதம் இல்லாமல் பாரம் தூக்கவோ குதிக்கவோ கூடாது.
* இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் குளுக்கோஸ் அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரை கையில் வைத்திருங்கள். படபடப்பு, வியர்வை, நடுக்கம் வந்தால் உடனே சாப்பிடுங்கள்.

முதல் நான்கு வாரம்

தம்: வாரம் 5 நாள், 30 நிமிஷம் வேக நடை. புது ஆற்றங்கரையோ, உங்கள் ஊர் வாய்க்கால் ரோடோ போதும். பக்கத்தில் வருகிறவரிடம் பேச முடியணும்; பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

பலம்: வாரம் 2 நாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துப் பாதி பஸ்கி 10. சுவரில் கை ஊன்றித் தண்டால் 10. குதிகாலைத் தூக்கி இறக்குதல் 10. இந்த மூன்றையும் இரண்டு சுற்று. கடைசித் தடவையிலும் 'இன்னும் இரண்டு செய்யலாம்' என்று தோன்றணும்.

கம்பு: காலடி வைப்பதும், மெதுவாகச் சுற்றுவதும் மட்டும், நடையில்லாத இரண்டு நாளில். மோதிப் பார்க்கிற ஆட்டம் வேண்டாம்.

ஐந்தாம் வாரத்திலிருந்து

* திங்கள், புதன், வெள்ளி: சிலம்ப வகுப்பு, 45 நிமிஷம். இதுவே தம் பயிற்சி. இதன்மேல் ஓட்டம் தனியாகத் தேவையில்லை.
* செவ்வாய், வியாழன்: பலப்பயிற்சி, 25 நிமிஷம். பஸ்கி, தரையில் முட்டி ஊன்றிய தண்டால், லேசான கர்லாக்கட்டை.
* சனி: முழு ஓய்வு. எண்ணெய்க் குளியல். அன்று கடும் வேலை வேண்டாம். பகல் தூக்கமும் வேண்டாம்.
* ஞாயிறு: 45 நிமிஷம் நிதான நடை அல்லது சைக்கிள்.

வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்க்கும் பழக்கமுள்ள பெண்கள், வெள்ளி ஓய்வு, சனி வகுப்பு என்று மாற்றிக்கொள்ளலாம். ஒரே நாளில் இரண்டையும் செய்தே ஆகணும் என்றால், காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அடுத்தடுத்துச் செய்வதானால் பலப்பயிற்சியை முதலில் முடியுங்கள். களைத்த காலோடு பஸ்கி போடாதீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் காலை 7 மணிக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள்.

எப்போது நிறுத்துவது?

தசையில் இரண்டு நாள் வலி சகஜம். மூட்டில் வீக்கம் சகஜமல்ல. வீங்கிய மூட்டில் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கவே கூடாது. ஓய்வும் ஐஸ் ஒத்தடமும் முதலில். பிறகு மருத்துவர் பார்த்துச் சொன்னால் மூசாம்பரப் பற்று போடலாம். காலை ஊன்றவே முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலி, தலைசுற்றல், மயக்கம்... இவற்றில் எது வந்தாலும் 'வாயுவா இருக்கும்' என்று கஷாயம் தேடாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதைச் சித்த வைத்தியனாகவே சொல்கிறேன்.

தட்டில் என்ன?

மாப்பிள்ளைச் சம்பா சாப்பிட்டு இளவட்டக்கல்லைத் தூக்கிய மாப்பிள்ளை கதை நமக்குத் தெரியும். அரிசி நல்லதுதான். ஆனால் அரிசி மட்டும் தசையை வளர்க்காது. பயிற்சி செய்கிறவருக்கு உடல் எடை ஒரு கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் புரதம் தேவை. 60 கிலோ இருப்பவருக்கு 60 முதல் 70 கிராம். இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு பெரிய டம்ளர் பாலில் 8 கிராம், 100 கிராம் கொண்டைக்கடலையில் ஏறக்குறைய 20 கிராம் கிடைக்கும். கறுப்பு உளுந்துக் களி, பாசிப்பயறு சுண்டல், மீன் எல்லாம் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்காரர்கள் களியில் வெல்லம் போடாமல் உப்புப் போட்டுச் சாப்பிடலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

தூக்கம் ஏழு மணி நேரம். இதுவும் பயிற்சியின் ஒரு பகுதிதான். வயல் காய்கிற நாளும் பயிருக்குத் தேவை இல்லையா?

நண்பர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். முதலில் இருதயப் பரிசோதனைக்கு அனுப்பினேன். முட்டிக்கு மூன்று வாரம் ஓய்வு. பிறகு மேலே சொன்ன முறை. நான்கு மாதம் கழித்து வந்தார். சர்க்கரையின் மூன்று மாத சராசரி கொஞ்சம் இறங்கியிருந்தது. மாத்திரை நிற்கவில்லை; நிறுத்தச் சொல்லி நானும் சொல்லவில்லை. அதை அவருடைய சர்க்கரை மருத்துவர் முடிவு செய்வார்.

"தூக்கம் எப்படி?" என்று கேட்டேன்.

"படுத்ததும் வந்துடுது டாக்டர். எட்டு வருஷ கணக்கெல்லாம் இப்போ போடறதில்லை. பையன்தான் திட்டறான். 'அப்பா, காலை இன்னும் அகட்டி வைங்க, முட்டி உள்ள போகுது'ன்னு!"

பையன் சொல்வது சரிதான். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.