காயில் கணக்குப் போடு, மாப்ளே

போடிநாயக்கனூர்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. பூப்பாறையில் மழை இன்னும் விடவில்லை என்று நம் ஜீப் டிரைவர் சொன்னார். பிள்ளைகளைப் பனியில் விடாதே.

நேற்று என் அக்கா, உன் அம்மா, வந்திருந்தாள். போடி வீட்டை இடித்துவிட்டு மூன்று மாடி எழுப்பப் போகிறாயாம், காரை மாற்றப் போகிறாயாம், பாப்பா காதுகுத்துக்குப் பெரிய மண்டபம் பேசிவிட்டாயாம். சந்தோஷமாகத்தான் சொன்னாள். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "நீ அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசுடா" என்றாள். போனில் பேசினால் "சரி மாமா" என்று வைத்துவிடுவாய். கணக்கு காகிதத்தில் இருந்தால்தான் திரும்ப எடுத்துப் பார்ப்பாய். அதனால் எழுதுகிறேன்.

செலவு செய்யாதே என்று சொல்ல வரவில்லை. உங்கள் வீட்டில் பணம் இல்லாத காலத்தை நான் பார்த்தவன். செடிக்கு உரம் வைக்கிற மாதத்தில் அக்காவின் சங்கிலி அடகுக்குப் போகும். ஏலக்காய் விற்றால் மீளும், சில வருஷம் மீளாது. உன் அப்பா, என் மச்சான், பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடிக்கக்கூட யோசிப்பார். ஊர் அவரைக் கஞ்சன் என்றது. கஞ்சத்தனம் வேறு, நெருக்கடி வேறு. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரை வைத்து ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலியோர் செய்த ஆய்வு 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. வெட்டுக்கு முன்னால் கடன் நெருக்குகிற நாட்களில் புதிர் போடத் தடுமாறிய அதே ஆட்கள், கரும்புப் பணம் கைக்கு வந்த பிறகு நன்றாகப் போட்டார்கள். சில மாதத்தில் யாருக்கும் புத்தி வளர்ந்துவிடாது. மண்டைக்குள் ஓயாமல் ஓடிய வட்டிக் கணக்கு நின்றது, அவ்வளவுதான். மச்சான் வாழ்நாளெல்லாம் அந்தக் கணக்கோடுதான் மலை ஏறினார்.

ஆகவே கையில் காசு வந்ததும் முதலில் வாங்க வேண்டியது அந்த நிம்மதியைத்தான். அதை நீ வாங்கிவிட்டாய். அடகை மீட்டாய், சொசைட்டிக் கடனை அடைத்தாய், அக்காவுக்குக் கண் ஆபரேஷன் செய்து வைத்தாய். அதில் ஒரு ரூபாய்கூட வீண் கிடையாது. நான் கவலைப்படுவது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி.

எங்கல் என்ற ஜெர்மன்காரர் 1857-லேயே எழுதிவைத்தார்: வருமானம் ஏற ஏற, அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு குறைந்துகொண்டே வரும். நம் நாட்டிலும் அப்படியே. சர்க்கார் எடுத்த கணக்குப்படி, கிராமத்துக் குடும்பச் செலவில் சாப்பாட்டின் பங்கு 1999-2000-இல் 59 சதவீதம், 2022-23-இல் 46 சதவீதம். வயிற்றுக்கு ஒரு அளவு உண்டு. வயிறு நிறைந்த பிறகு மிஞ்சுகிற பணத்துக்குத்தான் அளவு சொல்ல ஆள் இல்லை. அந்த இடத்தில் நம் கண் மாறுகிறது. முன்பு 100 ரூபாய் 100 ரூபாயாகத் தெரிந்தது. இப்போது அது எதன் பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பெரிதாகவும் சிறிதாகவும் தெரிகிறது. முல்லைநாதனும் கூட்டாளிகளும் 2015-இல் இதையும் சோதித்துப் பார்த்தார்கள். விலை குறைந்த பொருளில் இவ்வளவு மிச்சமாகும் என்றால் இன்னொரு கடை வரை போகத் தயாராக இருக்கிற வசதியானவர், விலை கூடிய பொருளில் அதே தொகை மிச்சமாகும் என்றால் அதே அளவுக்குத் தயாராக இல்லை. காசுக்குக் கஷ்டப்படுகிறவர்களிடம் இந்தத் தடுமாற்றம் குறைவாக இருந்தது. அவர்களுக்குக் காசு எங்கே இருந்தாலும் காசு.

உன் விஷயத்திலேயே பார். புதுக் காருக்குத் தோல் சீட் போட 40,000 கூடுதல் என்றதும் தலையாட்டினாய் என்று கேள்விப்பட்டேன். லட்சக்கணக்கான விலைக்குப் பக்கத்தில் 40,000 கண்ணில் படவில்லை. தோட்டத்து ஜீப்புக்கு டயர் தேய்ந்துவிட்டது என்று டிரைவர் இரண்டு தடவை சொல்லியும் அடுத்த மாதம் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறாய். தினம் விடிவதற்கு முன்னால் முந்தல் தாண்டி, வளைவு வளைவாகப் போடிமெட்டு ஏறுகிற ஜீப் அது. உள்ளே பத்துப் பன்னிரண்டு பெண்கள் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருப்பார்கள். இறங்கும்போது மழை, மூடுபனி, ஈர ரோடு. உன் காரில் ஏறுகிறவர்கள் நாலு பேர். இந்த ஜீப்பை நம்பித்தான் உன் காய் வீடு வந்து சேருகிறது. பணம் வந்தவன் பெரிய செலவில் கண்ணை மூடிக்கொண்டு, சின்னச் செலவில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கிறான் என்பதை ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதிய காலத்தில் எத்தனையோ முதலாளிகளிடம் பார்த்தேன். உன்னிடம் பார்க்க மனசு பொறுக்கவில்லை.

இப்போது கணக்குக்கு வருகிறேன். 2019 ஆகஸ்ட் 3-ஆம் தேதி புத்தடி ஏலத்தில் காய் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். ஊரே பேசியது. அன்றைக்குச் சராசரியே 4,000-க்கு மேல். ஏன் அந்த விலை வந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கியில் எத்தனையோ தோட்டம் அழுகிப் போனது, மண் சரிந்தது. அடுத்த வருஷம் கோடை காய்ந்தது, மழை பிந்தியது. சந்தைக்குக் காய் வரவில்லை, விலை ஏறியது. 7,000 ரூபாய் என்பது பல பேர் காய் உலர்த்தும் ஸ்டோரில் நெருப்பு மூட்டாததால் வந்த விலை. அந்த விலையை நம்பி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள், கார் எடுத்தார்கள், கல்யாணம் பேசினார்கள். 2022-இல் சராசரி 1,000-க்குக் கீழே இறங்கியது. உரம், மருந்து, கூலி எதுவும் கூடவே இறங்கவில்லை. அதன் பிறகு 2024 கோடையில் மறுபடி வறட்சி, செடிகள் கருகின. உன் தோட்டத்துக்கு ஓடைத் தண்ணீர் இருந்ததால் நீ தப்பினாய். இன்றைக்கு உன் கையில் இருக்கும் பணத்தில் உன் உழைப்பும் இருக்கிறது, பக்கத்துத் தோட்டக்காரனின் நஷ்டமும் இருக்கிறது. வெட்கப்பட வேண்டியதில்லை, ஆனால் இந்த விலை உன் சாமர்த்தியத்துக்குக் கிடைத்த நிரந்தரச் சம்பளம் என்று மட்டும் நினைத்துவிடாதே. குவாத்தமாலாவில் விளைச்சல் கூடினாலும், சவுதியில் கொள்முதல் குறைந்தாலும் போடி ஏலக்கூடத்துக் கம்ப்யூட்டர் திரையில் எண் இறங்கிவிடும்.

அதனால் இனி ரூபாயில் கணக்குப் போடாதே, காயில் போடு. வீட்டுக் கடனுக்கும் காருக்குமாக மாதம் 50,000 தவணை வரும் என்று அக்கா சொன்னாள். வருஷத்துக்கு 6 லட்சம். கிலோ 4,000 விற்றால் அது 150 கிலோ. 2,500 விற்றால் 240 கிலோ. 900-க்கு இறங்கினால் 667 கிலோ. ஒரு கிலோ உலர்ந்த காய்க்கு ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அப்படியானால் அந்தத் தவணையைக் கட்ட மட்டும் மூன்றேகால் டன்னுக்கு மேல் பச்சைக்காய் பறிக்க வேண்டும். தூருக்குத் தூர் குனிந்து, தரையோடு கிடக்கிற சரத்தில் முற்றிய காயை மட்டும் விரலால் தடவிப் பார்த்து எடுக்கிற வேலை அது. விலை எப்படி இருந்தாலும் செடி அதே அளவுதான் காய்க்கும். மூன்று மாடி வேண்டுமா, இரண்டு போதுமா என்பதை 900 ரூபாய் விலையில் வைத்துப் பார். அந்த விலையிலும் தாங்கும் என்றால் தாராளமாகக் கட்டு, நானே வந்து கல் எடுத்து வைக்கிறேன்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகு. ஒரு தடவையோடு முடிகிற செலவு உண்டு, வருஷா வருஷம் வாசலில் வந்து நிற்கிற செலவு உண்டு. அக்காவைக் காசிக்குக் கூட்டிப்போனால் அது போய்வந்ததோடு முடிந்தது. நல்ல வருஷத்தில் அதைச் செய், இரண்டு பங்காகச் செய். பெரிய வீடு அப்படியில்லை. வெள்ளையடிப்பு, கரண்டு பில், வேலையாள், வீட்டுக்கு ஏற்ற சாமான் என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். டியூசன்பெரி என்ற அமெரிக்கப் பொருளாதாரக்காரர் 1949-இல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் சொல்கிறார்: வருமானம் ஏறும்போது கூடவே ஏறுகிற செலவு, வருமானம் இறங்கும்போது கூடவே இறங்குவதில்லை. ஏறின இடத்திலேயே பிடித்துக்கொண்டு நிற்கிறது. 2022-இல் நம் ஏலக்காய்க் கடைக்கு வந்து, அடுத்த வருஷக் காயின் மேல் முன்கூட்டியே பணம் கேட்டு நின்றவர்களில் பாதிப் பேர் சாப்பாட்டுக்காகக் கேட்கவில்லை. 2019-இல் ஏற்றிவைத்த செலவை இறக்க முடியாமல் கேட்டார்கள். பிள்ளையைப் பெரிய பள்ளிக்கூடத்திலிருந்து மாற்றினால் ஊர் என்ன சொல்லும் என்று ஒருவர் என்னிடம் அழுதார்.

காதுகுத்து விஷயம். பிள்ளை காதுகுத்தைச் சிறப்பாகச் செய், யார் வேண்டாம் என்றது? கறிச்சோறு போடு, மேளம் வை. ஆனால் செய்முறையில் கை நிதானமாக இருக்கட்டும். நீ இப்போதெல்லாம் பங்காளி வீட்டு விசேஷத்துக்கு 10,000, 20,000 என்று மொய் எழுதுகிறாயாம். எழுதுகிறபோது உனக்கு அது பெருமை. வாங்குகிறவன் வீட்டு நோட்டில் அது கடன். உன் வீட்டு விசேஷத்துக்கு அவன் அதைத் திருப்பி வைத்தாக வேண்டும், கூடக் கொஞ்சம் சேர்த்து. அவனுக்குத் தோட்டம் கிடையாது. ஐந்து வட்டிக்கு வாங்கித்தான் உன் மண்டபத்துக்கு வருவான், சிரித்துக்கொண்டே வருவான். உனக்கு ரூபாய் சுருங்கிவிட்டது. அவனுக்கு அது சுருங்கவில்லை. பத்திரிகையிலேயே 'அன்பளிப்பு வேண்டாம்' என்று போட்டுவிடு. அப்படிப் போட உன்னால் முடியும், அவனால் முடியாது. வசதி வந்தவன் செய்யக்கூடிய பெரிய உதவிகளில் இதுவும் ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

கூலி விஷயத்தில் எனக்கு உன் மேல் வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. விலை 2,000-ஐத் தாண்டிய வருஷத்தில் ஆள் கூலியை ஏற்றச் சொல்லிக் கங்காணி கேட்டதற்கு, "எல்லாத் தோட்டத்திலும் கொடுக்கிறதுதானே" என்றாயாம். விலை விழுந்த வருஷத்தில் அந்தப் பெண்கள் உன்னிடம் பழைய கூலிக்கே வந்தார்கள். பண்டிகைக்கு முன்பணம்கூடக் கேட்கவில்லை. தினம் 50 ரூபாய் கூடக் கொடுத்தால் வருஷத்துக்கு எத்தனை கிலோ காய் ஆகும் என்று நீயே போட்டுப் பார். மாடியைப் போட்டுப் பார்த்த அதே விலையில் இதையும் போடு. தோல் சீட்டையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார். இங்கே போடியில் காய் தரம் பிரிக்கிற பெண்களையும் சேர்த்துச் சொல்கிறேன். எட்டு மில்லிமீட்டர் காயை ஒரு பக்கம், வெடித்ததை ஒரு பக்கம், நிறம் மங்கியதை ஒரு பக்கம் என்று தலை நிமிராமல் அவர்கள் ஒதுக்குவதால்தான் ஏலத்தில் உன் சாம்பிளைக் கையில் வாங்கிய வியாபாரி ஒரு ரூபாய் கூடக் கேட்கிறான்.

காதுகுத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் மேலே வருகிறேன். மூன்று வருஷச் சம்பள நோட்டும், ஸ்டோர் விறகுக் கணக்கும், கட்டடக்காரர் கொடுத்த எஸ்டிமேட்டும் எடுத்து வை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காயில் மாற்றி எழுதுவோம். அதுவரை எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடாதே. ஜீப் டயருக்கு மட்டும் நான் வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை தோட்டத்துக்கு லீவுதானே, வண்டியைக் கீழே அனுப்பு. நாலையும் மாற்றி, பிரேக்கையும் பார்த்து அனுப்பச் சொல்லிக் கடையில் நான் பேசி வைக்கிறேன்.

அக்காவுக்குக் கண் மருந்து மூன்று வேளையும் விடச் சொல்.

அன்புடன்,
மாமா