கையை மீட்கும் வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு

பிசியோதெரபியோ ஆக்குபேஷனல் தெரபியோ படித்து முடித்துவிட்டு, பக்கவாதப் பிரிவில் கால் வைக்கும் பிள்ளைகள் இப்போது கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "கைக்கு ரோபோ வந்துவிட்டதே, இனி நமக்கு என்ன வேலை?" வேலை நிறைய இருக்கிறது. சில விஷயங்களைச் சொல்லிவைக்கிறேன்.

1. முதலில் இயந்திரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த வகையில் மூத்தது எம்.ஐ.டி-மேனஸ். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நெவில் ஹோகன், ஹெர்மானோ இகோ கிரெப்ஸ் ஆகியோர் உருவாக்கியது. நோயாளியின் முன்கையை ஒரு பிடியில் கட்டி வைப்பார்கள். திரையில் தெரியும் புள்ளியை நோக்கி அவர் கையை நகர்த்த வேண்டும். முடிந்தவரை அவரே நகர்த்துவார், முடியாத இடத்தில் இயந்திரம் துணை செய்யும். அதற்கு அலுப்பு கிடையாது. ஓர் அமர்வில் நூற்றுக்கணக்கான அசைவுகளை வாங்கிவிடும். அந்தக் குணத்தை மதியுங்கள்.

2. விற்க வருபவர் தரும் தாளை மட்டும் நம்பாமல் ஆய்வுகளை நீங்களே படியுங்கள். இரண்டையாவது கட்டாயம் படிக்க வேண்டும். முதலாவது 2010இல் வெளிவந்தது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 127 பேரிடம் நடந்தது. எல்லோருக்கும் பக்கவாதம் வந்து ஆறு மாதமாவது ஆகியிருந்தது. ரோபோவிடம் பயின்றவர்களுக்கும், அதே தீவிரத்தில் தெரபிஸ்டிடம் பயின்றவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை.

இரண்டாவது பிரிட்டனில் 770 பேரிடம் நடந்து 2019இல் லான்செட் இதழில் வந்தது. ஒரு பிரிவுக்கு ரோபோ, ஒரு பிரிவுக்குத் தெரபிஸ்டின் கூடுதல் பயிற்சி, மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். கூடுதல் பயிற்சி பெற்ற இரு பிரிவுக்கும் 45 நிமிடம், வாரம் மூன்று நாள், 12 வாரம். கையின் செயல்திறன் என்ற முதன்மை அளவுகோலில், மூன்று மாத முடிவில் இரண்டு பயிற்சிகளுமே வழக்கமான சிகிச்சையைத் தெளிவாக விஞ்சவில்லை. ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள். ரோபோவால் கையின் அசைவுக் குறைபாடு சற்றுக் குறைந்தது. அது அன்றாட வேலைகளுக்குள் வந்து சேரவில்லை. தெரபிஸ்டிடம் பயின்றவர்கள் அன்றாட வேலைகளில் முன்னேறினார்கள். காரணம் என் பார்வையில் இதுதான்: அங்கே நோயாளி தனக்கு வேண்டிய வேலையைத் தானே தேர்ந்தெடுத்து, அதையே திரும்பத் திரும்பச் செய்தார்.

3. இதைப் படித்துவிட்டு நம் பக்கம் எல்லாம் சரி என்று நினைத்துவிடக் கூடாது. 2009இல் வந்த ஓர் ஆய்வு, வட அமெரிக்க மையங்களில் தெரபிஸ்ட்களின் அமர்வுகளைக் கூடவே இருந்து எண்ணியது. கையால் வேலை செய்யும் பயிற்சி நடந்த அமர்வுகளில்கூடச் சராசரி 32 தடவைதான். மூளை புதிய பாதை போட இது போதாது. உங்கள் அமர்வையும் எண்ணுங்கள்.

4. எந்த வேலையைப் பயிற்றுவிப்பது என்பதை நோயாளியின் வீட்டிலிருந்து எடுங்கள். நம் ஊரில் வலக்கை விளங்காமல் போனவருக்குப் பெருந்துயரம் சாப்பாடு. பந்தியில் இடக்கையால் உண்ணக் கூச்சப்பட்டுக் கல்யாணங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டவர்களை எனக்குத் தெரியும். பிரிட்டன் ஆய்வு பயன்படுத்திய கைத்திறன் சோதனையில் மரக்கட்டையை எடுத்து வைப்பது, தம்ளரிலிருந்து தம்ளருக்கு நீர் ஊற்றுவது, கோலிக்குண்டை விரல்நுனியால் எடுப்பது எல்லாம் உண்டு. சோற்றைப் பிசைந்து கவளம் திரட்டுவது இல்லை. அதற்கு விரல்கள் சேர்ந்து குவிய வேண்டும், முன்கை திரும்ப வேண்டும், கட்டைவிரல் தள்ள வேண்டும். பிசைந்த கோதுமை மாவில் தொடங்குங்கள், பிறகு தட்டில் சோறே போடுங்கள். சிந்தட்டும். புடவைக் கொசுவம், சட்டைப் பொத்தான், சொம்பைச் சாய்ப்பது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கும். கேட்டால்தான் சொல்வார்கள்.

5. கை முன்னே போகிறதா, உடம்பு முன்னே சாய்கிறதா என்று பாருங்கள். திரையில் புள்ளி எட்டப்பட்டுவிடும்; முழங்கை நீண்டிருக்காது. இயந்திரத்தில் உட்காரவைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போகாதீர்கள்.

6. தளர்ந்த கையைப் பிடித்து இழுத்து யாரையும் எழுப்பக் கூடாது. தோள்மூட்டு இறங்கிவிடும், வலி வந்தால் பயிற்சியே நின்றுவிடும். வீட்டாருக்கும் வார்டு ஊழியர்களுக்கும் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

7. விரல்களும் மணிக்கட்டும் ஓரளவு நிமிர்பவருக்கு நேரடியாக வேலைப் பயிற்சி கொடுங்கள். துளியும் தூக்க முடியாத கைக்கு, எண்ணிக்கையைச் சேர்க்க இயந்திரம் நல்ல துணை. அரை மணி நேரம் அதில் உழைத்து எழும்போதே, அந்த அசைவை ஒரு வேலைக்குள் கொண்டுவந்துவிடுங்கள், மறுநாளைக்குத் தள்ளவேண்டாம். வேலூர் சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து 'புளூட்டோ' என்ற சிறிய கைப்பயிற்சி ரோபோவை உருவாக்கியிருக்கின்றன. ஒரே மோட்டார், வேலைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் பிடிகள். வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பார்த்து வாருங்கள்.

8. "மெஷினில் வைத்தால் அப்பாவுக்குக் கை வந்துவிடுமா?" என்று மகள் கேட்பாள். ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். எவ்வளவு அசைவு மிச்சமிருக்கிறது, எந்த வேலை சாத்தியம், எத்தனை வாரம் பார்க்கலாம் என்று உட்காரவைத்துச் சொல்லுங்கள். பணத்தை எண்ணிச் செலவழிக்கும் வீடு என்றால், ரோபோவுக்கு என்று கடன் வாங்க விடாதீர்கள். வாரம் மூன்று முறை வந்துபோகும் ஆட்டோவுக்கு அந்தப் பணத்தை ஒதுக்கச் சொல்லுங்கள். வீட்டில் தினமும் ஒரு மணி நேரம் அப்பாவோடு உட்கார யாரால் முடியும் என்றும் கேட்டு, அவரை அடுத்த அமர்வுக்குக் கூட்டிவரச் சொல்லுங்கள்.