மருந்துத் தாங்கியைத் தோளில் மாட்ட முன்

வெள்ளவத்தையில் இருந்துகொண்டே வன்னியில் ரி.ஜே.சி மாந்தோட்டம் வைக்கப்போகிற பிள்ளைகளுக்குச் சில விஷயங்கள்.

1. ஒரே இன மரத்தை நெருக்கி நடுவது பூச்சிக்குப் பந்தி விரித்த மாதிரி. கொப்போடு கொப்பு முட்டி இருண்டு கிடக்கும் தோட்டத்தில்தான் தத்திகள் பெருகிப் பூவை உறிஞ்சும். காய் பறித்த கையோடு உள்கொப்புகளைக் கழியுங்கள்.

2. 2008இல் கொழும்பு, கம்பஹாப் பக்கம் பப்பாசியிலும் செவ்வரத்தையிலும் அப்பிய மாப்பூச்சி உங்கள் அம்மாமாருக்கு நினைவிருக்கும். மெக்சிக்கோப் பக்கத்துப் பூச்சி. அதன் எதிரி அதோடு சேர்ந்து வரவில்லை. உடம்பெல்லாம் மெழுகு, மருந்து லேசில் ஒட்டாது. அடுத்த வருஷம் விவசாயத் திணைக்களம் அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவியைக் கொண்டுவந்து விட்டது. ஒரு மில்லிமீற்றர்கூட இல்லாத குளவி! 2010இல் தமிழ்நாடும் அதையே விட்டது. இலையைத் திருப்பிப் பாருங்கள்: மாப்பூச்சி கபில நிறத்தில் உப்பி இறுகி, வட்டமாக ஓட்டை விழுந்திருந்தால் குளவி வந்துபோய்விட்டது. அந்த மரத்துக்கு மருந்து வேண்டாம்.

3. மாப்பூச்சிக் கூட்டத்தில் வெள்ளைக் குஞ்சம் வைத்துப் பெரிதாக ஒன்று விறுவிறுவென ஓடினால் நசுக்காதீர்கள். மாப்பூச்சியைத் தின்னும் வண்டின் புழு அது.

4. மலைநாட்டுத் தேயிலையில் இலை சுருட்டும் புழுவை அடக்க 1930களில் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் குளவி வந்தது. புழு அடங்கியது. பிறகு கொப்பைத் துளைக்கும் வண்டுக்கென்று டீல்ட்ரின் அடித்தார்கள். குளவி செத்தது, புழு திரும்ப எழும்பியது. கலிபோர்னியாத் தோடைத் தோட்டங்களில் டி.டி.ரி செய்ததும் இதே கூத்துத்தான். மருந்துக் கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். அவரைக் குறைசொல்லியும் பயனில்லை, அவர் பிழைப்பு அது.

5. முசுறு கடிக்கிறதென்று கூட்டைக் கொளுத்தாதீர்கள். புழு பிடிப்பதில் கெட்டிக்காரன். சீனர் ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்பே அதன் கூட்டைச் சந்தையில் வாங்கித் தோடை மரத்தில் கட்டினார்கள். ஆனால் இனிப்புக்காக மாப்பூச்சிக்கும் காவல் நிற்கும். அப்படி நிற்கிற மரத்தில் மட்டும் ஏறவிடாதீர்கள்.

6. வரப்பில் தும்பை நிற்கட்டும். குளவிக்குத் தேன் வேண்டும்.

7. பழ ஈக்கு மருந்தைவிடக் கூட்டிப் பொறுக்குவது மேல். விழுந்த பழத்தைக் கறுப்புப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் போடுங்கள், தினமும்.