கீரிப்பிள்ளைக்குப் பன்மை

காந்திபுரம்
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணு,

டவுன் பஸ் ஏறும் அவசரத்தில் நீ கேட்டுவிட்டுப் போன கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. "கூஸ் கீஸ் ஆகுதுங்க, மங்கூஸ் மட்டும் ஏனுங்க மங்கீஸ் ஆகறதில்லை?" வகுப்பில் இதற்கு, "அதெல்லாம் அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோ" என்றார்களாம். இந்தப் பதில்தான் எனக்கு ஆகாது. எந்த மொழியிலும் ஒரு சொல் காரணமில்லாமல் வளைவதில்லை.

கூஸ் ஆங்கிலத்தின் பிறந்தவீட்டுச் சொல். ஒரு காலத்தில் அதன் பன்மை விகுதியில் இகரம் இருந்தது. வரப்போகும் இகரத்துக்கு நாக்கு முன்கூட்டியே நகர்ந்ததில், சொல்லின் நடுவிலிருந்த ஓகாரம் ஏகாரமாயிற்று. பிறகு விகுதி உதிர்ந்துவிட, மாறிய உயிரே பன்மைக்கு அடையாளமாக நின்றது. மௌஸ் மைஸ் ஆனதும் இப்படியே.

அந்த மாற்றமெல்லாம் முடிந்து பல நூற்றாண்டுகள் கழித்து, நம் நாட்டிலிருந்து போய்ச் சேர்ந்தது மங்கூஸ். மராத்தியில் முங்கூஸ், தெலுங்கில் முங்கிஸ, கன்னடத்தில் முங்குசி. இதோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. தொல்காப்பிய மரபியல் இளமைப்பெயர்களை வகுக்கும்போது வெருகு, எலி, அணிலோடு மூங்காவையும் சேர்த்து, நான்கின் இளமைக்கும் 'குட்டி' என்ற பெயரைத் தருகிறது. மூங்கா என்பது கீரி. மூங்காவும் முங்கிஸவும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் உறுதியான எண்ணம். ஆங்கில அகராதியில் மங்கூஸைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரபியல்தான் நினைவுக்கு வரும். நீயும் அதை ஒருமுறை முழுதாகப் படி. தேர்வுக்கு வராது என்று சொல்லாதே.

பின்னால் வந்த சொல்லுக்குப் பழைய வீட்டு வழக்கம் ஒட்டாது. ஆகவே மங்கூசஸ்.

இனி உடைமை. பன்மை 'எஸ்' எழுத்தில் முடிந்தால் அதன்பின் அப்பாஸ்ட்ரபி மட்டும். முடியாவிட்டால் அப்பாஸ்ட்ரபியும் எஸ்ஸும். கீஸ், மைஸ் இரண்டும் காதுக்கு எஸ்ஸில் முடிவதுபோல் கேட்கும். எழுத்தில் 'ஈ'யில் முடிகின்றன. எழுத்தைப் பார், காதை நம்பாதே. ஷீப் ஒன்றானாலும் மந்தையானாலும் அதே வடிவம்தான். நம் இலக்கணத்திலும் ஆடு மேய்ந்தது, ஆடு மேய்ந்தன என இரண்டும் சரியல்லவா? பால்பகா அஃறிணைப் பெயர் என்று படித்தாயே, அதுதான் இது.

ஆங்கிலம் ஒழுங்கற்றது என்று இனி சொல்லாதே. ஆடு, ஆட்டுப்பால் ஆகிறது. எருமை மாறாமல் எருமைப்பால். 'ஆ' என்னும் பசுவோ 'இன்' பெற்று ஆவின்பால். காலையில் உன் வீட்டுக்கு வரும் பால் பாக்கெட்டில் இருப்பதே ஓர் உடைமை வடிவம். இவற்றை நீ மனப்பாடம் செய்தாயா என்ன? வீட்டில் புழங்கிப் புழங்கி வந்தவை. கூஸும் கீஸும் ஆங்கிலக் குழந்தைக்கு அப்படித்தான்.

அடுத்த ஞாயிறு வரும்போது, ஆக்ஸ் ஏன் ஆக்ஸன் ஆயிற்று என்று யோசித்து வா. சில்ட்ரன் என்ற சொல்லின் கடைசியைக் கவனித்தால் வழி தெரியும்.

அன்புடன்,
உன் வாத்தியார்