நெல் வயலில் அழுகிய முட்டை நாற்றம்

நடவு முடிந்து சில வாரங்களான வயலில் இறங்கினால், சேற்றிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வீசுவதுண்டு. ஹைட்ரஜன் சல்பைடு என்னும் கந்தக வாயுவே இதற்குக் காரணம். வடிகால் வசதி இல்லாத வயல்களில் இதனைக் கவனியாமல் விட்டால் மகசூல் குறையும்.

எப்படி உண்டாகிறது?

வயலில் நீர் கட்டியதும் மண்ணிலுள்ள பிராணவாயு ஓரிரு நாட்களில் தீர்ந்துவிடுகிறது. பின்னர், காற்றில்லாமல் வாழும் சிலவகை பாக்டீரியாக்கள், மண்ணிலுள்ள சல்பேட்டைக் கொண்டு சுவாசித்து இந்த வாயுவை வெளிவிடுகின்றன. மட்காத தழையும் வைக்கோலும் மிகுந்தால் இவை வேகமாகப் பெருகும்.

மண்ணில் போதிய இரும்பு இருந்தால் கவலையில்லை. இரும்பு இவ்வாயுவுடன் கூடிக் கரையாத கருநிற இரும்பு சல்பைடாகப் படிந்துவிடும். நெற்பயிரும் தண்டின் வழியே காற்றைக் கீழிறக்கி, வேரைச் சுற்றிலும் பிராணவாயுவைக் கசியவிட்டு நஞ்சை முறிக்கிறது. இரும்பு குறைந்த மணற்பாங்கான வயல்களில்தான் தொல்லை அதிகம். ஜப்பானில் இத்தகைய வயல்களில் முதலில் செழித்த பயிர் பின்பருவத்தில் நலிந்தது. இதனை அங்கு 'அகியோச்சி' என்பர். இரும்புச் சத்துள்ள செம்மண்ணை வயலில் இட்டு இக்குறையைச் சரிசெய்தனர்.

அறிகுறிகள்

ஒரு தூரைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்க்க வேண்டும். நல்ல வேர் வெண்மையாகவோ செம்பழுப்பாகவோ இருக்கும். பாதித்த வேர் கறுத்து நாற்றமடிக்கும். வேர் சுவாசிக்க இயலாததால் சாம்பல் சத்து முதலியவற்றை உறிஞ்சாது. பயிர் வெளுத்திருக்கிறதே என்று மேலும் யூரியா இடுவது வீண் செலவு.

என்ன செய்யலாம்?

தூர் கட்டும் பருவத்தில் நீரை வடித்து, மயிரிழை வெடிப்பு கண்டதும் மீண்டும் நீர் கட்டவும். காற்றுப் பட்டதும் சல்பைடு மறுபடி சல்பேட்டாகி, பயிருக்கு வேண்டிய கந்தகச் சத்தாகிவிடும். ஆனால் கதிர் உருவாவது முதல் பூக்கும் வரை வயலைக் காயவிடக் கூடாது.

இத்தகைய வயலில் அம்மோனியம் சல்பேட்டுக்குப் பதில் யூரியா இடுவது நல்லது. பசுந்தழையை நடவுக்கு முன்னரே மிதித்து மட்கவிட வேண்டும். மண் பரிசோதனைப்படி சாம்பல் சத்து இட்டால் வேர் வலுப்பெறும். எல்லாவற்றிற்கும் மேலாக, வடிகாலைத் தூர்வாரி வைப்பதே நிலையான மருந்து.