கார்த்திகைத் திங்களின் இரவு வானம்

கதிரவன் மறையுமுன் உணவை முடித்துக்கொள்ளும் இல்லங்களில், மாலைக்குப் பின் ஓய்வான நேரம் ஒன்று கிடைக்கின்றது. அந்நேரத்தில் சிறுவர் சிறுமியரை மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்று கற்பிப்பதற்கு உகந்த பாடம் ஒன்றை இவ்விதழில் காண்போம். நவம்பர் நடுவில் தொடங்கி டிசம்பர் நடுவில் முடியும் கார்த்திகைத் திங்களே இப்பாடத்திற்கு ஏற்ற காலம்.

பெயர்க் காரணம்

முழுநிலா எந்த விண்மீனை அடுத்து நிற்கின்றதோ, அவ்விண்மீனின் பெயரையே திங்களுக்கு இடுவது நம் முன்னோர் வழக்கம். முழுநிலா நாளில் கதிரவனும் நிலவும் புவிக்கு எதிரெதிர்த் திசைகளில் நிற்கும். இத்திங்களில் கதிரவன் விருச்சிகத்தில் இருப்பதால், முழுநிலா எதிர்ப்புறமுள்ள இடபத்தில், கார்த்திகை மீன்களின் அருகே தோன்றும். இதே மீன்கள் வைகாசியில் கதிரவனுக்கு அருகில் நிற்பதால் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

ஆயினும் தீபநாளன்று கார்த்திகை மீன்களைத் தேடுதல் வேண்டா. நிலவொளி அவற்றை மறைத்துவிடும். முழுநிலா கழிந்த ஐந்தாம் நாள் முதல், நிலவு இரவு பத்து மணியளவில் அல்லது அதற்குப் பின்னரே எழுமாதலால், முன்னிரவு இருண்டிருக்கும். அந்நாட்களைத் தேர்ந்துகொள்க.

காணும் முறை

வீட்டு விளக்குகளை அணைத்து, இருபது நிமிடம் இருளில் இருந்தால் கண் பழகும். கைவிளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்க. கையை நேரே நீட்டி முஷ்டியை மூடினால், அதன் அகலம் வானில் ஏறத்தாழ 10 பாகை ஆகும். உயரத்தை அளக்க இதுவே நம் அளவுகோல்.

டிசம்பர் முதல் நாள், மாலை 7 மணிக்குக் கிழக்கு நோக்கி நிற்போம். சற்றே இடப்புறம், தொடுவானிலிருந்து இரண்டரை முஷ்டி உயரத்தில், சிறு கொத்தாகத் தெரிவதே கார்த்திகை. அறுமீன் என்பது அதன் பழம்பெயர். தெளிந்த இருளில் ஆறு மீன்களை எண்ணலாம். உண்மையில் அக்கூட்டத்தில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட விண்மீன்கள் உள. அவற்றின் தொலைவு ஏறத்தாழ 440 ஒளியாண்டு. இன்று நாம் காணும் ஒளி, மதுரையில் நாயக்கர் ஆட்சி நடைபெற்ற காலத்தில் புறப்பட்டதாகும்.

அதற்குக் கீழே செந்நிறத்துடன் ஒளிர்வது உரோகிணி. அது 65 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. எழுபதைக் கடந்த நம்மனோர் தொடக்கப் பள்ளியில் பயின்ற நாளில் புறப்பட்ட ஒளியே இன்று பேரக் குழந்தைகளின் கண்ணை எட்டுகின்றது. இதனைச் சொல்லிக் காட்டினால் ஒளியாண்டு என்னும் அளவு குழந்தைகளுக்கு எளிதில் விளங்கும்.

இரவு 9 மணிக்கு ஓரியன் என்னும் வேட்டைக்காரன் கிழக்கில் முழுமையாக எழுந்திருப்பான். அவன் இடைக்கச்சையாகிய மூன்று மீன்கள் ஒரே வரிசையில் நிற்கும். அவ்வரிசைக்கு இடப்புறம் சிவந்து தெரிவது திருவாதிரை. வலப்புறம் நீலம் கலந்த வெண்மையுடன் தெரிவது ரைஜல். 2019-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 2020 பிப்ரவரி வரை திருவாதிரையின் ஒளி வெறுங்கண்ணால் உணரும் அளவிற்கு மங்கிப் பின் மீண்டது. விண்மீன்களும் மாறுந்தன்மையுடையன என்பதற்கு இது சான்று.

மூன்று மீன்களின் வரிசையை மேல்நோக்கி நீட்டினால் உரோகிணியின் பக்கமும், கீழ்நோக்கி நீட்டினால் சிரியஸின் பக்கமும் கொண்டுசெல்லும். இரவு வானின் விண்மீன்களுள் மிக ஒளியுடையது சிரியஸ். அதன் தொலைவு 8.6 ஒளியாண்டே. பத்து மணிக்குத் தென்கிழக்கில் தாழ்வாகத் தோன்றுவது அகத்திய மீன். ஒளியில் அது இரண்டாமிடம் பெறுவது.

வடமேற்கில், 7 மணிக்கு மறையும் நிலையில் இருப்பது அபிஜித். இக்காலத்தில் நாம் 27 விண்மீன்களையே எண்ணுகின்றோம். சுவேதாம்பர ஆகமங்களுள் ஒன்றான சூரியபிரஜ்ஞப்தி, அபிஜித்தையும் சேர்த்து 28 எனக் கூறி, அதனையே முதலாக வைத்து எண்ணுகின்றது.

எரிமீன் பொழிவு

டிசம்பர் 13, 14 ஆகிய இரவுகளில், புனர்பூச மீன்கள் நிற்கும் மிதுனத்தின் பக்கமிருந்து எரிமீன்கள் பாய்ந்து வரும். இரவு பத்து மணிக்குப் பின் காணலாம். பின்னிரவு 2 மணியளவு மிக நன்று. பெரும்பாலான எரிமீன் பொழிவுகள் வால்மீன் விட்டுச்சென்ற துகள்களால் நிகழ்வன. இதுவோ 1983-இல் கண்டறியப்பட்ட ஃபேத்தன் என்னும் சிறுகோளின் துகள்களால் நிகழ்வது.

நம் ஊரின் நிலை

சரவணம்பட்டி 2011-இல் கோவை மாநகராட்சியுடன் இணைந்தது. சத்தியமங்கலம் சாலையின் இருமருங்கும் தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் அடுக்கு வீடுகளும் எழுந்துள்ளன. வாழ்வும் வேலையும் பெருகியது மகிழ்ச்சிக்குரியதே. எனினும் மேல்நோக்கிச் சிதறும் விளக்கொளி வானை வெளுக்கச் செய்கின்றது. வடகிழக்குப் பருவமழையின் மேகம் விலகிய இரவிலும், கார்த்திகையின் ஆறு மீன்களுள் மூன்றோ நான்கோ மட்டும் தெரியலாம்.

வாயில் விளக்கிற்கு மேல்மூடி இட்டு ஒளியைத் தரைக்குத் திருப்புதலும், தேவையற்ற விளக்கை அணைத்தலும் நம்மால் இயல்வன. ஒளியை நாடி வந்து மடியும் சிற்றுயிர்களும் அதனால் காக்கப்படும். அகிம்சையைப் போற்றும் நாம் இதனை வானியலுக்காக மட்டும் செய்ய வேண்டியதில்லை.

பயிற்சி

1. தெளிந்த மூன்று இரவுகளில் கார்த்திகை மீன்களை எண்ணி, நாள், நேரம், இடம் ஆகியவற்றுடன் குறிப்பேட்டில் எழுதுக.

2. வாயில் விளக்கை அணைப்பதற்கு முன்னும் பின்னும் எண்ணி ஒப்பிடுக. கண் பழகுவதற்குரிய இருபது நிமிடத்தை மறவற்க.

3. ஒரே நேரத்தில், பதினைந்து நாள் இடைவெளியில் உரோகிணியின் உயரத்தை முஷ்டியால் அளக்க. விண்மீன் ஒவ்வொரு நாளும் 4 நிமிடம் முன்னதாக எழுமாயின், பதினைந்து நாளில் எவ்வளவு முன்னதாக எழும்?

4. துருவ மீனின் உயரம் நாம் நிற்கும் இடத்தின் அகலாங்கிற்குச் சமம். கோவையின் அகலாங்கு 11 பாகை. எனில், வடக்கில் எத்தனை முஷ்டி உயரத்தில் அதனைத் தேட வேண்டும்?

பெற்றோர் இக்குறிப்பேட்டைப் பாதுகாத்து வைத்து, அடுத்த கார்த்திகையிலும் அதே மாடியில் நின்று எண்ணச் செய்க. மீன்களின் எண்ணிக்கை கூடியதா, குறைந்ததா என்பதைக் குழந்தைகளே கண்டு கூறட்டும்.