ஷவருக்குள் சுழலும் தட்டு

கேள்வி: ஷவரின் வளையத்தைத் திருப்பினால் தூறல், தாரை என்று தண்ணீர் மாறுவது எப்படி? எங்கள் ஷவரில் பாதித் துளைகள் அடைத்துக்கொண்டன.
– வாசகி, தாம்பரம்

பதில்: வளையத்தோடு உள்ளே ஒரு தட்டும் திரும்புகிறது. அதன் ஓட்டை எந்தப் பாதைக்கு நேராக வருகிறதோ, அந்தத் துளைகளுக்குத்தான் தண்ணீர் போகும். சில துளைகள் மட்டும் திறந்திருந்தால் வேகமாகப் பீய்ச்சும். நிறையத் துளைகளில் பிரிந்தால் மென்மையாக விழும். விட்டுவிட்டு அடிக்கும் மசாஜ் தாரைக்கு உள்ளே ஒரு சின்னச் சக்கரம் உண்டு. தண்ணீரின் விசையிலேயே சுழன்று துளைகளை மாறி மாறி மறைக்கும், மின்சாரமே வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடு அது.

அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் போர் தண்ணீரின் உப்புதான். துளையின் வாயில் வெள்ளையாகப் படிந்திருக்கும், பாருங்கள். ரப்பர் முனை என்றால் கட்டைவிரலால் தேய்த்தாலே உதிரும். இல்லையென்றால் கழற்றி, வெள்ளை வினிகரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். ஊசியால் மட்டும் குத்தாதீர்கள்; துளை சிதைந்து தாரை கோணலாகிவிடும்.